எழுத்தைப் பிடுங்கிக்கொண்டு வளர்ச்சி என்கிறார்கள்



"புதுசுக்கு மாறிடுங்க சார், போகப் போகப் பழகிடும்" என்பவர்களுக்காக எழுதுகிறேன். பழக்கம் வேறு, பார்வை வேறு. மங்கிய கண் பழகப் பழகத் தெளிவதில்லை.

விண்டோஸ் 7-இல் மெனு, தலைப்புப் பட்டை, ஐகான் பெயர் ஆகியவற்றின் எழுத்தை மட்டும் தனித்தனியே பெரிதாக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 10-க்கு 2017-இல் வந்த 'கிரியேட்டர்ஸ் அப்டேட்' அந்த வசதியை எடுத்துவிட்டது. மிஞ்சியது, 125, 150 சதவீதம் என்று திரை முழுவதையும் பெரிதாக்கும் வழி. அதில் எழுத்தோடு பட்டன், படம், கட்டம் எல்லாம் ஊதிப்போகும். ஒரு பக்கத்தைப் படிக்க நாலு பக்கம் தள்ள வேண்டும். கண்ணாடி கேட்டவர் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்த கதை.

"சிலர்தானே பயன்படுத்துகிறார்கள்" என்பது வழக்கமான சமாதானம். சாய்தளத்தையும் சிலர்தான் பயன்படுத்துகிறார்கள். இடித்துவிடலாமா?

2018 அக்டோபர் அப்டேட்டில் எழுத்தை மட்டும் பெரிதாக்கும் வசதி வேறு உருவில் திரும்பியது. தேவை இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் பழையபடி தனித்தனியாக இல்லை. எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு. இடைப்பட்ட ஒன்றரை வருடம் யாருடைய கணக்கு?

பாதுகாப்புக்கு அப்டேட் அவசியம்தான். வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒன்றோடு சேர்த்து, வேண்டியதைப் பறிப்பதுதான் அநியாயம்.

உங்களில் மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒன்றை நீக்கும் கூட்டத்தில் உட்கார்ந்தால், "மாற்று தயாரா?" என்று கேளுங்கள். மற்றவர்கள், அப்பா அம்மாவின் கணினியை மாற்றும் முன், அவர்கள் எதைப் பார்த்து வேலை செய்கிறார்கள் என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.