தழும்பு யாருக்கு?

"செருப்பு வெள்ளைக்காரன் மாட்டிவிட்டது, வெறுங்கால்தான் தமிழர் பண்பாடு, மண்ணில் கால்பட நடந்ததால் முன்னோர் நோயில்லாமல் வாழ்ந்தார்கள்" என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று வாதம், மூன்றும் ஓட்டை.

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டியிருந்தால் முதல் வாதத்தை அவரே அடித்திருப்பார். செருப்பு அழுத்தி அழுத்தி வடுப்பட்ட இடையனின் காலை அதன் புலவர் கவனித்துப் பாடியிருக்கிறார். செருப்புக்கு அவர் வைத்திருந்த சொல் தொடுதோல். எந்த வெள்ளைக்காரன் மாட்டிவிட்டானாம்?

ஆரோக்கியமா? கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துத்தான் உடம்புக்குள் போகிறது. குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. சோகை பிடித்து வெளிறிப்போய்க் களையெடுத்தவர்களும் நம் முன்னோர்தான் ஐயா.

கொடைக்கானல் பக்கத்து வெள்ளகவியில் ஊரே செருப்புப் போடுவதில்லையே என்கிறார். சரி. அங்கே ஊரையே கோயிலாக நினைத்து எல்லோரும் கழற்றுகிறார்கள். சிலரை மட்டும் கழற்றச் சொன்ன தெருக்கள் அவர் கண்ணில் படவே இல்லையா?

2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் பட்டியலின மக்கள் ஒரு தெருவில் செருப்புக் காலோடு நடந்தார்கள். முதல்முறை என்பதால் அது செய்தியானது. பொது இடத்தில் அவர்கள் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தனியே எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. பண்பாடு தானாக நடந்துகொண்டிருந்தால் சட்டத்துக்கு இங்கே என்ன வேலை?

என் தாத்தாவிடம் ஒரு ஜோடி டயர் செருப்பு இருந்தது. ஊர்த்தெரு முனையில் கழற்றிக் கையில் எடுப்பார். தெரு முடிந்து கொஞ்சதூரம் போய்த்தான் கீழே போடுவார். வெயிலில் தார் உருகினாலும் அப்படித்தான். அவர் போன பிறகு அந்தச் செருப்பை எடுத்துப் பார்த்தேன். அடி தேயவே இல்லை. பிடித்துப் பிடித்து வார்தான் கைவியர்வையில் கறுத்திருந்தது.

கோயில் வாசலில் நானும் செருப்பைக் கழற்றுகிறேன். யாரும் சொல்லி அல்ல. கழற்றுவது மரியாதை ஆக வேண்டுமானால் முதலில் போட விட்டிருக்க வேண்டும்.

சங்ககாலத்து இடையன் காலில் விழுந்த தழும்பு, செருப்பு வாங்கி வைத்திருந்த என் தாத்தாவின் காலில் கடைசிவரை விழவில்லை.