பேரன் காருக்கு எந்தக் கேமரா?

பென்ஷன், மூட்டுவலி, காசிமேட்டு மீன் விலை என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று ரேஸ் கார், கேமரா என்று ஆரம்பிக்கிறானே என்று நினைக்காதீர்கள். இன்றோ நாளையோ உங்கள் வீட்டுப் பிள்ளையும் இதே கேள்வியோடு வந்து நிற்கலாம்.

என் தங்கையின் பேரன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். செகண்ட் ஹேண்டில் ஒரு சின்னக் கார் வாங்கி, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டப் போகிறான். 'ட்ராக் டே' என்கிறார்கள். இது பந்தயம் இல்லை. கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, சொந்தக் காரையே சில சுற்று ஓட்டிப் பழகுவது. கோப்பை கிடையாது, முதலிடம் கிடையாது.

"தாத்தா, காருக்குள்ள வச்சி வீடியோ எடுக்க ஒரு கேமரா வேணும். பாதி நான் போடறேன், பாதி நீ போடு. எது வாங்கலாம்னு நீயே சொல்லு" என்றான்.

என்னிடம் காசு கேட்டால் கருத்தும் சேர்ந்துதான் வரும். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் பதிவேடு எழுதியவன் நான். என் கருத்து இதுதான்: காருக்குள் வைக்கிற கேமராவை, ஆபீசுக்குப் பதிவேடு வாங்குகிற மாதிரி வாங்க வேண்டும். அட்டை பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. நடந்தது நடந்தபடி அதில் ஏறுமா, தேதி நேரம் சரியாக விழுமா, நாளைக்குப் பிரித்தால் படிக்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

கேமரா இல்லாத காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். எழுபதுகளில் வேலை கிடைத்து மெட்ராஸ் வந்த புதிதில், நண்பர்களோடு பஸ் பிடித்துச் சோழவரம் ரேசுக்குப் போவேன். இரண்டாம் உலகப் போர் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்போம். ஓட்டி முடித்து இறங்குகிறவருக்குக் கையில் மிஞ்சுவது ஸ்டாப்வாட்ச் சொன்ன நேரம் ஒன்றுதான். எந்த வளைவில் நேரம் போயிற்று என்றால் ஞாபகத்தைத்தான் கேட்க வேண்டும். ஞாபகம் எப்போதும் நமக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும்.

கோயம்புத்தூர் கரிவர்தன் எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்து, இளைஞர்கள் குறைந்த செலவில் ஓட்ட வழி பண்ணினார். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் இப்போது செட்டிபாளையத்தில் ஒரு ட்ராக் இருக்கிறது. 1990-ல் சோழவரத்து வேலை இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிற்று. சுற்று 3.717 கிலோமீட்டர். காசிமேட்டிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 2024 ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும் நம் தீவுத்திடலைச் சுற்றியே இரவில் கார்கள் ஓடின. ஆக, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடுகிற காரிலிருந்தே டெலிவிஷனுக்குப் படம் அனுப்பியது 1985-ல், ஜெர்மன் கிராண்ட் ப்ரீயில். ரெனோ கம்பெனி அதற்கென்றே மூன்றாவதாக ஒரு காரை இறக்கியது. ஓட்டியவர் ஃபிரான்சுவா எஸ்னோ என்ற பிரெஞ்சுக்காரர். எட்டுச் சுற்றில் கிளட்ச் போய்க் கார் நின்றுவிட்டது. அன்றைக்கு ஒரு கம்பெனியே செய்ய வேண்டியிருந்ததை இன்றைக்கு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சாமான் செய்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு சொல் ஞாபகம் வருகிறது. காருக்குள் வைக்கிற கேமராவை அவர்கள் 'கேமரா அம்பார்க்கே' என்பார்கள். 'பார்க்' என்றால் படகு. படகில் ஏற்றிய கேமரா என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம். காசிமேட்டுக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமா? படகில் ஏற்றிய சாமானை என்ன செய்வோம்? கட்டுவோம். ஒரு கயிறு அறுந்தால் இன்னொன்று பிடிக்கிற மாதிரி இரண்டு கட்டு போடுவோம்.

அதனால், கேமராவுக்கு முன்னால் அதைப் பிடிக்கிற கிளாம்ப்பை வாங்கு என்றேன். கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் கப், நம்ம ஊர் வெயிலில் காய்ந்து எப்போது விடும் என்று சொல்ல முடியாது. காருக்குள் ரோல் கேஜ் குழாய் இருந்தால் அதில் இரும்புக் கிளாம்ப்பைத் திருகி முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்ரெஸ்ட் கம்பிகளில் குறுக்காகப் பட்டை போட்டுப் பிடிக்கலாம். அதற்கு மேல் ஒரு சின்னக் கம்பிக் கயிறு, தனியாக. 150 கிராம் கேமராதானே என்று நினைக்காதீர்கள். கார் எதிலாவது மோதி நிற்கும்போது புவியீர்ப்பைப்போல் 40 மடங்கு விசை வந்தால், அந்த 150 கிராம் ஆறு கிலோ கனத்தோடு தெறிக்கும். அது ஓட்டுகிறவனின் பின்மண்டைக்கு நேராக இருக்கிற சாமான். மாட்டிய பிறகு ட்ராக் அதிகாரியிடம் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே ஓட்ட வேண்டும்.

அடுத்தது, எந்த வகை? செல்போன் வேண்டாம் என்றேன். சூடானால் அணைந்துவிடும், நடுவில் அழைப்பு வரும், கனமும் அதிகம். கண்ணாடிக்குப் பின்னால் வைக்கிற டேஷ்கேம் ரோட்டுக்கு நல்லது. ஆனால் அது இடம் நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே புதியதை எழுதும். முதல் பக்கத்தைக் கிழித்துக் கடைசிப் பக்கம் எழுதுகிற பதிவேட்டை எந்த ஆபீசில் ஒத்துக்கொள்வார்கள்? மேலும் அது பார்ப்பது ரோட்டை மட்டும். மிஞ்சுவது 'ஆக்‌ஷன் கேமரா' என்கிற சின்ன வகை. அதிலும் இந்த வருஷ மாடல்தான் வேண்டும் என்று இல்லை. இரண்டு மூன்று வருஷம் பழைய மாடல் போதும். மைக் செருகவும், வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கவும் வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வைக்கிற இடம் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே, கொஞ்சம் பின்னால். ஸ்டீயரிங், ஓட்டுகிறவன் கை, கண்ணாடி வழியாக ரோடு, மூன்றும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும். ரோடு மட்டும் தெரிந்தால் கார் என்ன செய்தது என்று தெரியும், அவன் என்ன செய்தான் என்று தெரியாது. கை எப்போது திரும்பியது, எத்தனை முறை திருத்தியது என்பதில்தான் பாடம் இருக்கிறது. காருக்குள் இருட்டு, வெளியே வெயில். ஆகவே வெளிச்சத்தை ரோட்டுக்குப் பார்த்து நிறுத்திவிட வேண்டும். முந்தின நாள் டேஷ்போர்டுக்குப் பாலிஷ் போடாதே, அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடியில் விழும் என்றும் சொன்னேன்.

ஆட்டம் தெரியாமல் இருக்க 'ஸ்டெபிலைசேஷன்' என்று ஒன்றைப் பெரிதாக விளம்பரம் பண்ணுகிறார்கள். கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு அது நல்லது. காரில் திருகிய கேமராவுக்கு வேண்டாம். கார் திரும்பும்போது கேமராவும் திரும்பும். அதை ஆட்டம் என்று நினைத்து அது படத்தை எதிர்ப்பக்கம் இழுக்கும். கடைசியில் காரின் உள்பக்கமே படகு மாதிரி ஆடும். கிளாம்ப்பை இறுக்கமாக முடுக்கிவிட்டு அதை அணைத்து வைப்பதே சரி.

4கே வேண்டுமா என்றான். ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நொடிக்கு 60 மெகாபிட் எழுதினால் மணிக்கு 27 ஜிபி. 64 ஜிபி அட்டை இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும், அவ்வளவுதான். கேமராவும் சூடாகும். சாதாரண 1080 போதும், ஆனால் நொடிக்கு 60 படம் இருக்கட்டும். 180 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 50 மீட்டர் போகிறது. 30 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 60 என்றால் அதில் பாதி. ஜிபிஎஸ்-க்கும் இதே கணக்குதான். நொடிக்கு ஒரு முறை இடம் குறிக்கிறது என்றால் 50 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு வளைவே அதற்குள் முடிந்துவிடலாம். நொடிக்குப் பத்து முறை குறித்தால் ஐந்து மீட்டருக்கு ஒரு புள்ளி. அதை நம்பலாம்.

அட்டையை ரிச்சி தெருவில் வாங்கினாலும் பர்மா பஜாரில் வாங்கினாலும் பில் வாங்கிக்கொள். வீட்டில் ஒரு முறை முழுக்க நிரப்பிப் பார்த்துவிட்டு எடுத்துப் போ. கேமராவின் கடிகாரத்தைச் சரிபார். தேதி தப்பான பதிவு, முத்திரை விழாத தபால் மாதிரி. ஓட்டி முடித்ததும் கேமராவைக் கழற்றி நிழலில் வை. பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டால் அடுத்த சுற்றுக்கு அது எழுந்திருக்காது.

இதுவரை சொன்னது சாமான். இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம்.

1976-ல் க்ளோத் லெலூஷ் என்ற பிரெஞ்சு டைரக்டர் ஒரு குறும்படம் எடுத்தார். பெயர் 'சே தே ஆன் ராந்தேவூ'. காரின் முன்னால் கேமராவைக் கட்டி, விடியற்காலைப் பாரிஸில், சிவப்பு விளக்குகளைத் தாண்டி, வெட்டே இல்லாமல் எட்டு நிமிஷத்துக்கும் மேல் ஒரே ஓட்டம். பார்த்தால் மூச்சு நின்றுவிடும். ஆனால் ஓடியது ஒரு மெர்சிடிஸ் கார். நம் காதில் விழுவது பிறகு சேர்த்த ஃபெராரி கார் சத்தம். ரோடு ஊராருடைய ரோடு. எதிரே வருகிறவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. படம் என்ற முறையில் ரசிக்கிறேன். பதிவு என்று கொண்டுவந்தால் என் மேஜையில் கையெழுத்து விழாது.

இன்றைய ரீல்ஸ் எல்லாம் இந்தப் படத்தின் பேரப்பிள்ளைகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, ஹேண்டில்பாரில் செல்போனைக் கட்டிக்கொண்டு பையன்கள் பறப்பதை நாம் எல்லாருமே பார்க்கிறோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. போனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பையன் இல்லை. அந்த அம்மா அதை அழிக்கவும் இல்லை, இன்றுவரை பார்க்கவும் இல்லை.

பிரெஞ்சில் 'ப்ரோசே வெர்பால்' என்று ஒரு சொல் உண்டு. நடந்ததை நடந்தபடி எழுதிய அதிகாரப்பூர்வமான பதிவுக்கு அந்தப் பெயர். போலீஸ்காரர் வேகத்துக்காக நீட்டுகிற அபராதச் சீட்டுக்கும் அதே பெயர். கேமராவும் அப்படித்தான். ட்ராக்கில் அது பாடப் புத்தகம். ரோட்டில் அது நம் மேலேயே நாம் எழுதிக் கொடுக்கிற குற்றப்பத்திரிகை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விட்டால் குற்றம்.

ட்ராக்கிலும் ஒரு காகிதத்தைப் படித்துவிட்டுப் போக வேண்டும். சாதாரணக் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில், பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று எழுதியிருப்பார்கள். ட்ராக்கில் கார் அடிபட்டால் செலவு நம் கையிலிருந்துதான் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

இவ்வளவு பயம் இருந்தால் ஓட்டவே வேண்டாம் என்று சொல்லக் கூடாதா என்று சிலர் கேட்பீர்கள். சொல்லிப் பார்க்கலாம், கேட்க மாட்டார்கள். இருபத்தைந்து வயதில் நாமும் கேட்டதில்லை. ட்ராக்கில் எல்லாக் காரும் ஒரே திசையில் போகின்றன. குறுக்கே கிழவியோ நாயோ மீன் வண்டியோ வராது. ஆம்புலன்ஸ் பக்கத்தில் நிற்கிறது. ஆசையை அங்கே அனுப்புவதுதான் பெரியவர்கள் செய்யக்கூடியது. அதற்குக் கேமராவின் பாதி விலை எனக்கு அதிகமாகப் படவில்லை.

பணத்தோடு ஒரு நிபந்தனையும் வைத்தேன். ஓட்டிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழு வீடியோவையும், நல்ல சுற்று கெட்ட சுற்று என்று பார்க்காமல், உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த வளைவில் என்ன தப்பு என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். "சரி தாத்தா, ஆனா நோட்டு எதுக்கு, போன்லயே எழுதறேன்" என்றான். அது அவன் காலம், விட்டுக்கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது கேமரா கேட்டு வந்தால், விலையைக் கேட்பதற்கு முன்னால் எங்கே ஓட்டப் போகிறாய் என்று கேளுங்கள். இருங்காட்டுக்கோட்டை என்றால் பாதிப் பணம் கொடுங்கள். கிளாம்ப்புக்கு முழுப் பணமும் கொடுங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முடிந்தால் வண்டிச் சாவியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.