மேம்பாலத்துக்கு மேலே ஒரு மைலேஜ், கீழே ஒரு மைலேஜ்: புது ஸ்விஃப்ட்டின் 24.8 யாருக்குக் கிடைக்கும்?

கோவை பக்கம் புது கார் எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தில் ஏற்றி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால், பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கேட்பது நிறத்தையோ ஏர்பேக்கையோ பற்றியா? இல்லை. "ஏனுங்க, எத்தன குடுக்குதுங்க?" அவ்வளவுதான். மைலேஜ் என்ற வார்த்தையே தேவையில்லை, புரிந்துவிடும்.

மாருதி சுசூகியின் நான்காம் தலைமுறை ஸ்விஃப்ட் 2024 மே 9-ம் தேதி அறிமுகமானபோது, இந்தக் கேள்விக்கான பதில்தான் பெரிதாக விளம்பரமானது. மேனுவல் கியர் வண்டிக்கு லிட்டருக்கு 24.8 கி.மீ., ஏஎம்டி வண்டிக்கு 25.75 கி.மீ. முந்தைய மேனுவல் ஸ்விஃப்ட்டின் கணக்கு 22.38 தான். இந்தக் கூடுதல் சும்மா வந்துவிடவில்லை. 4 சிலிண்டர் இன்ஜினை எடுத்துவிட்டு 3 சிலிண்டர் இன்ஜினை வைத்தார்கள். சிலிண்டர் குறைந்தால் உராய்வு குறையும், பெட்ரோல் மிச்சமாகும். ஆனால் 90 குதிரைத்திறன் 82 ஆனது. அஞ்சு பேரும் லக்கேஜுமாக வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

சரி, 24.8 பொய்யா? பொய் இல்லை. ஆனால் அது ரோட்டில் எடுத்த கணக்கும் இல்லை. சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டுவார்கள். அதிகபட்ச வேகம் 90, சராசரி சுமார் 32 கி.மீ. மெதுவாக வேகம் எடுத்து, மெதுவாகக் குறைப்பார்கள். ஐரோப்பா இதே மாதிரியான பழைய சோதனையை வைத்திருந்தது. நிஜத்தோடு ஒத்துப்போகவில்லை என்று 2017 முதல் அதைக் கைவிட்டு, இன்னும் கடுமையான முறைக்கு மாறத் தொடங்கியது.

லட்சுமி மில்ஸ் சிக்னலில் சாயங்காலம் ஆறரை மணிக்கு நிற்கும் காருக்கும் அந்த உருளைக்கும் என்ன சம்பந்தம்? 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீளத்துக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறந்ததிலிருந்து, ஒரே அவிநாசி ரோட்டில் இரண்டு மைலேஜ் இருக்கிறது. மேலே ஏறிவிட்டால் ஒரே வேகத்தில் போகலாம். கீழே போனால் முதல் கியர், ரெண்டாவது கியர், பிரேக், மறுபடி முதல் கியர். சரவணம்பட்டி ஐடி கம்பெனிக்கு நாலைந்து கி.மீ. தூரத்திலிருந்து காரில் போகிறவர் நிலைமை இன்னும் மோசம். இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள்ளேயே ஆபீஸ் வந்துவிடும். குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும்.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆடி மாதம் வாளையார் பக்கம் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று 20 கி.மீ. வேகத்தில் அடித்தால், காருக்கு அது 100 கி.மீ. வேகக் காற்று. காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும். அதனால் ஒருவழிப் பயணத்தில் டேஷ்போர்டு காட்டும் எண்ணைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பதில் அர்த்தமில்லை. ஒரே பங்கில், ஒரே பம்பில், ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, 400 கி.மீ. ஓட்டி, மறுபடி அதே மாதிரி நிரப்பி வகுத்துப் பார்ப்பதுதான் ஓரளவு நம்பகமான கணக்கு.

பங்கில் நிரப்புவதும் இப்போது முன்பு மாதிரி பெட்ரோல் இல்லை. இ20 என்றால் அதில் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பதை மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது.

இனி பணக் கணக்கு. மாதம் 1,000 கி.மீ., பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 24.8 கிடைத்தால் மாதம் சுமார் 4,030 ரூபாய். டவுன் நெரிசலில் 16 தான் கிடைக்கிறது என்றால் 6,250. வித்தியாசம் வருஷத்துக்கு 26 ஆயிரத்தைத் தாண்டும். 2025 செப்டம்பர் 22-ல் சிறிய கார்களுக்கான வரி 29-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்து, ஸ்விஃப்ட்டின் தொடக்க விலை 6.49 லட்சத்திலிருந்து 5.79 லட்சமானது. விளம்பர மைலேஜை நம்பி பட்ஜெட் போட்டவருக்கு அந்த 70 ஆயிரம் மூணு வருஷம் கூடத் தாங்காது. போதாததற்கு, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 13 சதவீதம். குறைந்த விலைக்கே அது சுமார் 75 ஆயிரம் வருகிறது. ஷோரூம் விலையைப் பார்த்து இஎம்ஐ கணக்குப் போடும் முதல் கார் ஆசாமிகள் தடுமாறுவது இங்கேதான்.

ஏஎம்டி கதை இன்னும் வேடிக்கை. அறிமுக விலையில் விஎக்ஸ்ஐ ஏஎம்டி, மேனுவலை விட 50,000 ரூபாய் அதிகம். கம்பெனி சொல்லும் மைலேஜையே எடுத்துக்கொண்டாலும், வருஷம் 12,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு மிச்சமாவது சுமார் 1,800 ரூபாய். போட்ட பணத்தை எடுக்க 28 வருஷம் ஆகும்! கிளட்ச் மிதித்து இடது கால் வலிக்கிறது என்றால் தாராளமாக ஏஎம்டி வாங்கலாம். மைலேஜுக்காக வாங்க வேண்டாம்.

சிஎன்ஜி அப்படி இல்லை, அங்கே கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். 2024 செப்டம்பரில் வந்த சிஎன்ஜி ஸ்விஃப்ட்டுக்கு கிலோவுக்கு 32.85 கி.மீ. என்கிறார்கள். அதே விஎக்ஸ்ஐ பெட்ரோல் வண்டியை விட அப்போது 90,000 ரூபாய் அதிகம். ஒரு கிலோ 90 ரூபாய் என்று வைத்தால், கம்பெனி மைலேஜ்படி கி.மீ.க்கு சுமார் 1.30 ரூபாய் மிச்சம். கிட்டத்தட்ட 70,000 கி.மீ. ஓட்டினால்தான் போட்டது திரும்பும். நிஜ மைலேஜ் இரண்டிலும் குறைவாக இருந்தால் இந்தத் தூரமும் குறையும் என்பது உண்மைதான். இருந்தாலும் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஞாயிற்றுக்கிழமை மருதமலைக்கும் மட்டும் எடுக்கிறவருக்கு அது பல வருஷம். கோவையிலிருந்து தினமும் திருப்பூர் போய்வருகிறவருக்கு நாலு வருஷத்துக்குள் கணக்கு நேராகிவிடும். டிக்கியில் பாதிக்கு மேல் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும், துணி சாம்பிள் பையைப் பின் சீட்டில்தான் போட வேண்டும். அதற்கு அவர் சம்மதமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.