வாத்தியாருக்கும் பீஸ் ரேட்டா?

"பையன் பாஸ் பண்ணினால் வாத்தியாருக்கு முழுச் சம்பளம், பெயிலானால் பிடித்தம்!" பரீட்சை முடிவுகள் வெளியாகும் போதெல்லாம் இப்படி ஒரு யோசனை தலைதூக்குகிறது. கேட்பதற்கு நியாயம் போலத்தான் தோன்றும். உழைப்பாளி மக்களிலும் சிலர் இதற்குத் தலையாட்டுவதுண்டு. "நாங்கள் வேலை செய்தால்தான் கூலி, அவருக்கு மட்டும் என்ன சலுகை?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியில் கோபம் இருக்கிறது. கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பஸ் போர்டைப் படிக்கத் திணறினால், வயிற்றைக் கட்டி அவனைப் படிக்க அனுப்பிய தாய்க்கு ஆத்திரம் வராதா? பணக்காரன் பிள்ளைக்கு டியூஷன் உண்டு. கூலிக்காரன் பிள்ளைக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு கதி இல்லை. ஆகவே இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. அலசிப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு பீஸ் ரேட்டைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. முதலாளி மலிவு விலையில் மட்டமான பஞ்சை வாங்கிப் போடுகிறான். இழை அறுந்துகொண்டே இருக்கிறது. தேய்ந்துபோன மிஷினை மாற்றுவதில்லை. உற்பத்தி குறைகிறது. வருமானம் குறைவது யாருக்கு? பஞ்சு வாங்கியவனுக்கா, ஓடி ஓடி இழையை முடிந்தவனுக்கா? விவசாயத் தொழிலாளிகளையும் கேட்போம்: கடைமடைக்குத் தண்ணீர் வராமல் பயிர் கருகினால், நாற்று நட்டவளின் கூலியைப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

பள்ளிக்கூடத்தின் கதையும் இதுதான். பிள்ளையின் மார்க்கை வாத்தியார் ஒருவரே உண்டாக்குவதில்லை. காலையில் அவன் வயிற்றில் சோறு இருந்ததா, வீட்டில் விளக்கு இருந்ததா, அறுவடைக் காலத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்டானா, செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போய்விட்டானா — எல்லாம் சேர்ந்துதான் அந்த மார்க். 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்பதுதான் 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்க வேண்டும். இதில் எந்த மார்க் யாருடையது என்று எந்தத் தராசில் நிறுப்பது?

இது புது யோசனையும் அல்ல, பழைய சரக்குதான். 1862-ல் பிரிட்டனில் ராபர்ட் லோ என்ற மந்திரி இதையே சட்ட விதியாக்கினார். பிள்ளை ஒன்றுக்குப் பள்ளிக்கு வரும் மான்யம் அதிகபட்சம் 12 ஷில்லிங். அதில் 4 ஷில்லிங் வருகைக்கு. 8 ஷில்லிங் பரீட்சைக்கு. இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு — மூன்றில் எதில் பிள்ளை தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் போயிற்று. அந்த மான்யத்தை நம்பித்தான் ஆசிரியரின் சம்பளம் இருந்தது.

விளைவு என்ன? பிள்ளைகள் பாடப் புத்தகத்தை உருப்போட்டார்கள். பரீட்சையில் காசு கொடுக்காத சரித்திரமும் பூகோளமும் மூலைக்குப் போயின. அந்த இன்ஸ்பெக்டர்களில் ஒருவர் மாத்யூ ஆர்னால்டு. பெயர் பெற்ற கவிஞரும்கூட. உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் தந்திரமாகத் தயார் செய்து வாசிப்புப் பரீட்சையில் தேற வைத்துவிட முடிகிறது என்று அவரே தம் அறிக்கையில் எழுதினார். ஆனால் சர்க்கார் கஜானாவுக்கு மட்டும் லாபம். 1861-ல் 8 லட்சம் பவுனுக்கு மேல் இருந்த மான்யம் 1865-ல் ஆறரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது! கல்வியை உயர்த்தக் கிளம்பிய திட்டம் செலவைத்தான் குறைத்தது. 1890-களில் பிரிட்டனே இந்த முறையைக் கைகழுவியது.

வெள்ளைக்காரன் அதை நம் தலையிலும் கட்டாமல் விடவில்லை. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்திலும் பம்பாய் மாகாணத்திலும் பரீட்சை முடிவைப் பார்த்து மான்யம் கொடுக்கும் முறை நடந்தது. ஏழைப் பிள்ளைகள் மெதுவாகத்தான் படிப்பார்கள், பாதியில் நிற்பார்கள் என்பதால் அவர்கள் படித்த பள்ளிகளுக்கே மான்யம் சுருங்கியது. எங்கே உதவி அதிகம் தேவையோ அங்கே காசு குறைவு! கர்சான் காலத்து இந்திய சர்க்காரே 1904-ம் ஆண்டுக் கல்வித் தீர்மானத்தில் இதைக் கைவிட்டது. கர்சானே வேண்டாமென்று ஒதுக்கியதை இன்று தூசி தட்டி எடுப்பானேன்?

"அது அந்தக் காலம்" என்பார்கள். சரி, இந்தக் காலத்தையே பார்ப்போம். அமெரிக்காவில் அட்லாண்டா நகரம். மார்க் இலக்கை எட்டிய பள்ளியின் ஊழியர்களுக்கு ரொக்கப் பரிசு. எட்டத் தவறிய தலைமை ஆசிரியருக்கு வேலை போகும் என்ற மிரட்டல். 2011-ல் மாநில சர்க்காரின் விசாரணை அறிக்கை வெளிவந்தது. 44 பள்ளிகளில் மோசடி. சிக்கியவர்கள் 178 பேர். பிள்ளைகள் எழுதிய தப்பான விடையை ஆசிரியர்களே ரப்பரால் அழித்துச் சரியான விடையைக் குறித்திருந்தார்கள். 2015-ல் 11 பேரைக் கோர்ட் குற்றவாளிகள் என்றது. ஏமாந்தது யார்? பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். பொய் மார்க் வந்ததால், அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய விசேஷ உதவியும் கிடைக்காமல் போயிற்று.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்வோம். நம் பக்கத்து ஆந்திராவில் 2005-ல் தொடங்கி கிராமத்து சர்க்கார் தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. பிள்ளைகளின் மார்க் உயர்ந்தால் ஆசிரியருக்குப் பரிசுப் பணம். அங்கே பிள்ளைகளின் மார்க் உண்மையாகவே கூடியது. ஆனால் கவனியுங்கள்: அது சம்பளத்துக்கு மேல் கொடுத்த பரிசு; சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவிகித அளவுதான். ஒருவர் சம்பளத்திலும் கை வைக்கவில்லை. பரீட்சை நடத்தியவர்கள் வெளியார். அப்படியும் வாத்தியார் பள்ளிக்கு வராத நாட்கள் குறையவில்லை. கிராமத்து மக்களின் முதல் புகாரே அதுதானே!

இதே சோதனை அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2006-லிருந்து மூன்று பள்ளியாண்டுகள் நடந்தது. 15,000 டாலர் வரை பரிசு. மொத்தத்தில் மார்க்கில் வித்தியாசமே இல்லை. நியூயார்க் நகரம் 2007-ல் தொடங்கிய பரிசுத் திட்டத்தை 2011-ல் மூட்டை கட்டியது. ஆக, பரிசே ஓரிடத்தில் பலிக்கிறது, ஓரிடத்தில் பலிக்கவில்லை. அப்படியிருக்க, பிடித்தத்தை வைத்துக் கல்வி வளரும் என்பது வெறும் ஜம்பம்.

நம் நாட்டில் அபாயம் இல்லையா? 2020-ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, 'தகுதி' அடிப்படையில் ஆசிரியரின் பணி நிரந்தரம், பதவி உயர்வு, சம்பளம் மூன்றையும் அமைக்க வேண்டும் என்கிறது. மாணவர் மார்க்கை அது அளவுகோலாகச் சொல்லவில்லை; சக ஆசிரியர் மதிப்பீடு, வருகை, ஈடுபாடு, பயிற்சி நேரம் என்றுதான் அடுக்குகிறது. ஆனால் கதவு திறந்திருக்கிறது. 'தகுதி' என்ற சொல்லுக்குள் நாளை எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம். நூறு சதவிகிதத் தேர்ச்சி காட்டுவதற்காக, மெதுவாகப் படிக்கும் பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்கு முன்பே டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிகளை நாம் அறிவோம். சம்பளமும் மார்க்கோடு கட்டப்பட்டால் முதலில் வெளியே நிற்கப் போவது யார் பிள்ளை? சேரியின் பிள்ளை, கூலிக்காரன் பிள்ளை, படிப்பு ஏறச் சற்றுக் காலம் பிடிக்கும் பிள்ளை.

அப்படியானால் வேலை செய்யாத வாத்தியாரை விட்டுவிடுவதா? ஒருக்காலும் கூடாது! ஏழைப் பிள்ளையின் காலத்தைத் திருடுகிறவர் யாராயிருந்தாலும் தட்டிக் கேட்க வேண்டும். அதற்கு வழியும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவை ஊர்ப் பெரிய மனிதர்களிடம் விட்டுவிட்டு நாம் திண்ணையில் உட்கார்ந்து வாத்தியாரைத் திட்டுவதில் பலன் இல்லை. ஷிப்டு முடிந்த தொழிலாளியும் களையெடுத்துத் திரும்பிய தாயும் அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டும். வாத்தியார் வந்தாரா, பாடம் நடந்தா, என் பிள்ளை எதில் பின்தங்குகிறான் என்று கேட்க வேண்டும்.

கூடவே சர்க்காரையும் கேட்போம். காலியிடங்களை ஏன் நிரப்பவில்லை? நிரந்தர வேலைக்குத் தொகுப்பூதியத்தில் ஆள் எடுப்பது ஏன்? இன்ஸ்பெக்டர் வந்து குறை எழுதிப் போனால் போதுமா, தடுமாறும் ஆசிரியருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

தமிழ்நாடு ஒரு பாடம் கற்றிருக்கிறது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தபோது யாருடைய சம்பளத்தையும் பிடிக்கவில்லை; பிள்ளையின் வயிற்றுக்குச் சோறு போட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. படிப்பு வளருவது இந்த வழியில்தான்.

ஆசிரியரின் சம்பளத்தை மார்க்கோடு முடிச்சுப் போடாதே! காலியிடத்தை நிரப்பு! பள்ளிக் குழுவில் உழைப்பாளிக்கு இடம் கொடு! நம் பிள்ளைகளுக்காக நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவையே.