குயில் கூவிவிட்டது, தெளிப்பானை இறக்கி வையுங்கள்

"மாமரம் முழுக்கப் பூத்திருக்கிறது. தத்துப்பூச்சியும் தெரிகிறது. இப்போது மருந்து அடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார் கிருஷ்ணகிரி வாசகர் ஒருவர்.

மாசி பிறந்ததும் விடியற்காலையில் பைனாகுலரோடு ஏரிக்கரைக்குப் போவது என் வழக்கம். இந்த வாரம்தான் குயில் கூவத் தொடங்கியது. நெஞ்சில் ஒற்றைக் கருங்கோட்டோடு திரிந்த ஆண் ஊதாத் தேன்சிட்டு, உடம்பு முழுக்க மினுமினுப்பேறி நிற்கிறது. இளவேனில் வந்துவிட்டது. மாம்பூ விரிந்திருக்கும் காலமும் இதுதான்.

ஆகவே, இப்போது அடிக்க வேண்டாம். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவை ஈக்களும் தேனீக்களும். விரிந்த பூவில் படும் மருந்து அவற்றையும் கொன்றுவிடும். பல வருஷத்துக்கு முன் என் தோப்பிலேயே பதற்றப்பட்டு அடித்தேன். தத்துப்பூச்சி போனது, பிஞ்சும் நிற்கவில்லை. ஊருக்குச் சொல்கிற எனக்கே அந்தப் பாடம்!

பூங்கொத்து தலைகாட்டும்போதே கவனித்து, மொட்டு விரியும் முன் தெளிப்பை முடித்துவிட வேண்டும். இனி, பிஞ்சு பட்டாணி அளவு வரும்வரை பொறுங்கள். அதன் பிறகும் பூச்சி மிகுந்திருந்தால், ஒரு பூங்கொத்தை ஒடித்துப்போய் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டி மருந்து கேளுங்கள். அறுவடை முடிந்ததும் உள்கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். வெயில் புகாத தோப்பில்தான் தத்துப்பூச்சி பெருகும்.