தேநீர்ச்சாலையில் ஒரு கூகை

மலர்க்குழுவினர் என்பால் வேண்டியது "சங்க இலக்கியத்தில் இயற்கை" என்னும் பொருள்பற்றிய கட்டுரை. நம் கல்லூரியின் முந்தைய மலர்களில் அப்பொருள்பற்றி இரு கட்டுரைகள் உள. மூன்றாவதும் ஒன்று எழுதி அன்பர்களின் பொறுமையைச் சோதிக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே, கேட்ட பொருளை விடுத்துக் கண்ட பொருளொன்றை எழுதத் துணிந்தேன். அதுவும் இயற்கையைப் பற்றியதே. ஆயின் அங்கே இயற்கை நாற்சுவருக்குள், மின்விளக்கின் கீழ், மணிக்கணக்கில் வாடகைக்கு இருந்தது.

கடந்த டிசம்பர் விடுமுறையில், டோக்கியோ மாநகரில் தொழில்புரியும் பழைய மாணவர் ஒருவரின் அழைப்பின்பேரில் அங்குச் சென்று பத்து நாள் தங்கினேன். அற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்திற் பிறந்து, நம் கல்லூரியிற் பயின்று, இன்று அந்நகரில் நிமிர்ந்து வாழும் அவருடைய வரலாறு தனியே எழுதத்தக்கது. அதற்கு அவர் இசையார். கோயில்களையும் கடைவீதிகளையும் காட்டி முடித்தபின், "சேர், நீங்கள் இதுவரை பார்த்திராத ஒன்றைக் காட்டுகிறேன்" என்று ஒரு மாலைப்பொழுதில் என்னை ஒரு தேநீர்ச்சாலைக்கு அழைத்துச் சென்றார். மாடிப்படி ஏறிக் காலணி கழற்றிக் கைகளுக்கு மருந்துநீர் பூசிக்கொண்டு உள்ளே போனோம். ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று முன்னரே பணம் பெற்றுக்கொண்டனர். தேநீர் அப்பணத்துள் அடக்கம். தேயிலைப் பொட்டலத்தில் நுவரெலியா என்றிருக்கக் கண்டு ஊரைக் கண்டதுபோல் மகிழ்ந்தேன். சாயம் மட்டும் போதவில்லை.

அறையின் ஒருபுறம் நீண்ட மரச்சட்டமொன்றில் ஒன்பது ஆந்தைகள் வரிசையாய் அமர்ந்திருந்தன. ஒவ்வொன்றின் காலிலும் குறுகிய தோல்வார். மறுபுறம் கண்ணாடிப் பெட்டிகளிலே பல்லிகளும் ஒரு பாம்பும் நம் உலர்வலயத்து நட்சத்திர ஆமை ஒன்றும் இருந்தன. ஆமை எங்கிருந்து வந்ததென்று வினவினோம். இந்நாட்டிலேயே முட்டையிலிருந்து பொரித்ததென்றனர், இருக்கலாம். மேசைக்கு மேசை ஒரு சிறு கூடையில் முள்ளெலியைக் கொண்டுவந்து வைத்தனர். அது பந்தாய்ச் சுருண்டது, கூடியிருந்தோர் சிரித்தனர்.

பகலிலே கூகையைக் காக்கையும் வென்றுவிடும் என்னும் உவமையை வள்ளுவர் காலமறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். எத்தனையோ ஆண்டுகளாக அதனை வகுப்பிற் படிப்பித்து வருகிறேன். ஆனால் பகலில் அகப்பட்ட கூகையை அன்றுதான் முதன்முதலாக நேரிற் கண்டேன். அதனை வெல்லக் காக்கை ஒன்றும் வரவேண்டியிருக்கவில்லை. மாலை ஏழு மணிக்கும் அவ்வறையிலே பகலாகவே இருந்தது. ஆந்தையின் விழி நம் விழிபோற் சுழலாது. எதனைப் பார்ப்பதாயினும் கழுத்தையே திருப்பவேண்டும். அங்கிருந்தவை கழுத்தையும் திருப்பவில்லை. பணியாளப் பெண் என் கைக்குத் தோலுறை மாட்டி ஒன்றை ஏற்றிவைத்தாள். எடையே தெரியவில்லை, பெரும்பகுதி இறகுதான் போலும். கூரையிற் கூகை குழறினால் வீட்டுக்குக் கேடென்று நம்பும் குடும்பத்திற் பிறந்த நான், அதனைக் கையில் ஏந்திப் பல் தெரியச் சிரித்தவாறு படம் பிடித்துக்கொண்டேன். அப்படம் என்னிடம் இருக்கிறது. மலர்க்குழுவினர் கேட்டனர், கொடுக்கவில்லை.

அடுத்த மேசையிலிருந்த அம்மையார் என் கையிலிருந்ததை நோக்கி ஏதோ சொன்னார். "எவ்வளவு சாதுவாய் இருக்கிறது என்கிறார், சேர்" என்றார் மாணவர். அச்சொல் என்னைச் சுட்டது. அசையாதிருப்பதைச் சாதுவென்று கொள்ளும் பிழையை நான் முன்னரும் கண்டிருக்கிறேன். என் தாயார் கொழுந்துக் கூடையோடு தராசின் முன் நின்றதைச் சிறுவயதிற் பலமுறை பார்த்தேன். நிறுத்ததில் ஈரத்துக்கென்று ஒரு பங்கு கழிப்பார்கள். சாக்குக்கென்று ஒரு பங்கு கழிப்பார்கள். கழித்தது மிகையென்பது அவருக்குத் தெரியும். எனினும் அசையாமல் நிற்பார். அன்று தோட்டத்துக்கு விருந்தினராய் வந்திருந்த ஒருவர் அந்த வரிசையைப் பார்த்து, இவ்வளவு அமைதியான சனங்களைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்று வியந்தார். கூகையின் மனத்தை நான் அறிவேன் என்று சொல்ல வரவில்லை. அந்த அம்மையாரும் அறியார் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

இத்தகைய கடைகள் தோன்றிய வரலாற்றையும் சொல்வதே நீதி. 1998இல் தாய்வான் நாட்டுத் தாய்பேயில் பூனைகளோடு இருந்து தேநீர் அருந்தும் கடை ஒன்று திறக்கப்பட்டது. 2004இல் ஜப்பானின் ஒசாக்காவில் அத்தகையதொன்று தோன்றியது. அடுக்குமாடிகளில் தனியே வாழ்வோர்க்கு, செல்லப்பிராணி வளர்க்க வீட்டுக்காரர் இடங்கொடாத இளைஞர்க்கு, வேலை முடிந்து வந்து ஒரு பூனையைத் தடவிக்கொடுப்பது ஆறுதல். அதனை நான் பழிக்கமாட்டேன். பூனை பல்லாயிரம் ஆண்டு மனிதனோடு பழகிய பிராணி. அடுப்பங்கரையில் அதற்கு உரிமையே உண்டு. பூனைக்குப் பின் ஆந்தை வந்தது. ஆந்தைக்குப் பின் முள்ளெலியும் கீரியினத்ததும் பிறவும் வந்தன. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஜப்பானில் இத்தகைய 142 கடைகளில் 419 இனங்களைச் சேர்ந்த 3,793 உயிர்கள் இருந்ததாகக் கணக்கிட்டது. பெரும்பாலானவை பறவைகள், அவற்றுட் பல ஆந்தைகள். தென்கொரியா விழித்துக்கொண்டது. விலங்குக்காட்சிச்சாலையாகப் பதிவு பெறாத இடங்களிற் காட்டுவிலங்குகளைக் காட்சிக்கு வைத்தலை 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் அந்நாடு தடைசெய்தது. முன்னரே நடந்துவந்த கடைகளுக்கு 2027 டிசம்பர் வரை அவகாசம் கொடுத்திருக்கிறது.

இவ்வளவும் சொன்னபின், அன்பர்கள் "அயல்நாட்டாரின் பித்து அயல்நாட்டாரோடு போகட்டும்; அற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் அதில் என்ன?" என்று கேட்கலாம். நானும் அவ்வாறுதான் எண்ணியிருப்பேன், அந்தப் பணியாளப் பெண் ஒரு புத்தகத்தைக் கொண்டுவராதிருந்தால்.

இலங்கையிலிருந்து வந்தவர் என்று மாணவர் என்னை அறிமுகஞ் செய்ததும் அவள் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடி ஒரு தடித்த படப்புத்தகத்தை எடுத்துவந்து பக்கம் புரட்டிக் காட்டினாள். மூக்கின் நுனியில் வெண்கொம்பு ஒன்றைத் தாங்கிய ஓணான் அதில் இருந்தது. அடுத்த பக்கத்தில் பாசிபடர்ந்த கொம்பைத் தன் வாலாற் சுற்றிப் பிடித்த குறள் ஓணான். முட்டையிடாது குட்டியே ஈனுவது அது. மூன்றாவது, பச்சை உடலும் கறுத்த கன்னமும் கொண்டது. மூன்றும் நம் மத்திய மலைநாட்டுக்கே உரியன. உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஹக்கலைக் காட்டிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் வாழ்பவை. கறுத்த கன்னத்ததோ தேயிலைச் செடியிலேயே கிடப்பது. மூன்றன் விஞ்ஞானப் பெயரையும் அவள் பிழையின்றிச் சொன்னாள். "இவற்றை நேரிற் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் மொழியில் இவற்றின் பெயர் என்ன?" என்று கேட்டாள்.

முதலிரண்டையும் நான் கண்டதேயில்லை. மூன்றாவதை நூறு தரம் கண்டிருக்கிறேன்; கல்லாலும் எறிந்திருக்கிறேன். இராமபிரானுக்குத் தண்ணீருக்குப் பதில் தகாததைக் கொடுத்தது ஓணான் என்று பாட்டி சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். எறிவது புண்ணியம் என்றே எண்ணினோம். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன விடை "ஓணான்" என்னும் ஒரே சொல். மூன்றுக்கும் அதுவே. தமிழாசிரியன் ஒருவன் அதற்குமேற் சொல்ல வழியில்லாது நின்றான்.

இவ்வோணான்கள் வெறும் படமாக மட்டும் கடல் கடக்கவில்லை. வெளிநாட்டு வளர்ப்புச் சந்தையில் விலைபோவதற்காக உயிரோடு திருட்டுத்தனமாய் ஏற்றப்பட்டன. நம் நாட்டுச் சட்டம் அவற்றைப் பிடிப்பதையும் ஏற்றுவதையும் தடுக்கிறது. எனினும் ஓர் ஓணான் ஒருவர் சட்டைப்பையுள் அடங்கும். 2019 ஆகஸ்டில் ஜெனீவாவிற் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய பன்னாட்டு மாநாட்டிலே இலங்கை இதனை முறையிட்டது. கொழும்பிற் கூடவேண்டியிருந்த மாநாடு அது. அவ்வாண்டின் உயிர்த்த ஞாயிறுக் கொடுமையால் இடம் மாறிற்று. கறுத்த கன்ன ஓணானையும் குட்டியீனும் குறள் ஓணானையும் வாணிபம் அறவே விலக்கப்பட்ட முதலாம் அட்டவணையிற் சேர்த்தனர். கொம்போணானை இரண்டாம் அட்டவணையில் வைத்தனர். நட்சத்திர ஆமையும் அம்மாநாட்டிலேதான் முதலாம் அட்டவணைக்கு ஏற்றப்பட்டது. நாம் கல்லெறிந்த ஒன்றுக்காக நாடுகள் கூடி வாக்களித்த செய்தி நம் லயங்களுக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

அரியது என்றும் அயலது என்றும் ஓர் உயிருக்குப் பெயர் வைப்பவன் அதன் ஊரான் அல்லன். நாமும் ஒருகாலத்தில் அப்பெயர் சூட்டப்பட்டவர்களே. ஹம்பர்க் நகரத்து விலங்கு வணிகர் கார்ல் ஹேகன்பெக், 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதரையும் கப்பலேற்றிக் கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களிற் காட்சிக்கு வைத்தார். கட்டணங் கொடுத்துச் சனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அவருடைய தம்பி முறையான ஜோன் ஹேகன்பெக் கொழும்பில் நடத்திய விலங்குக்கூடமே 1936இல் அரசினர் வசமாகித் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை ஆயிற்று. இன்றும் நுவரெலியாப் பாதையிற் கார்களை நிறுத்திக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடிப்போரைக் காண்கிறோம். சில பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிச் சிரித்து நின்று பணமும் கேட்கிறார்கள். கேட்பது சரியென்பதே என் கருத்து. கேட்கவும், மறுக்கவும், கூடையை இறக்கிவைத்துவிட்டுப் போகவும் அவர்களால் முடியும். காலில் வாருள்ள கூகைக்கு அது முடியாது.

மாணவரோடு இதுபற்றி நெடுநேரம் வாதித்தேன். "தொட்டுப் பார்த்தால்தானே, சேர், பிள்ளைக்கு அன்பு வரும்?" என்றார். எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று. அந்தப் பணியாளப் பெண்ணும் அன்பில்லாதவள் அல்லள். ஒவ்வொரு ஆந்தையையும் பெயர் சொல்லி அழைத்தாள். ஆயினும் என் அனுபவம் வேறு. நான் ஏழாம் வகுப்பிற் பயின்றபோது எங்களைத் தெகிவளைக்கு அழைத்துச் சென்றார்கள். இரவு முழுவதும் பேருந்தில் வாந்தியெடுத்துப் போய்ச் சேர்ந்து, மாலையில் யானைகள் ஆடும் காட்சியைக் கண்டு கைதட்டினோம். யானை ஒற்றைக் காலில் நிற்கும் என்பதை அன்று கற்றேன். அது ஒருநாளில் எத்தனை மைல் நடக்கும், எதனைத் தின்னும், ஏன் நம் மலைகளில் இன்று அது இல்லை என்பவற்றைக் கற்க எனக்கு மேலும் இருபத்தைந்து ஆண்டு சென்றது. கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தபோது மலைக்காட்டோடு யானையும் போயிற்று. போனவிடத்தேதான் நம் முன்னோரின் லயங்கள் எழுந்தன. சுற்றுலாவில் இதனை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கற்பித்த ஆசான்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று; அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆதலின் கல்லூரி நிருவாகத்தாருக்கும் பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கீழ்வகுப்புச் சுற்றுலாவுக்கென்று சங்கம் அளிக்கும் பணத்தை இனி மிருகக்காட்சிச்சாலைக்குச் செலவிடாது, ஹக்கலைக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் செலவிடுக. ஹக்கலைப் பூங்கா சிங்கோனாப் பயிருக்கென்று 1861இல் தொடங்கப்பட்டது. அடர்ந்த மயிர்ப்போர்வையுடைய மலைக்குரங்கையும் மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியையும் அங்கே காணலாம். பொறுமையுள்ளவர்க்குக் கொம்போணானும் தென்படும். தென்படாமலும் போகலாம். பிள்ளைகள் ஏமாற்றத்தோடு திரும்பினால் திரும்பட்டும். காட்டு விலங்கு வராமலிருக்கவும் உரிமையுடையது. அழிந்ததென்றே பலரும் எண்ணியிருந்த ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கு 2010இல் ஒளிப்படத்தோடு அறிவிக்கப்பட்டது. அதற்காக இரவிரவாய்க் குளிரில் அலைந்தவர்கள் ஆய்வாளர். நம் பிள்ளைகள் அரைநாள் காத்திருந்தால் என்ன?

இன்னொன்று தமிழாசிரியன் என்ற முறையிற் கேட்பது. ஒன்றிரண்டு முதியவர்களை அண்மையில் வினவினேன். "கறுத்த கன்னத்தது" என்று சொன்னவுடன் ஒருவர், கவ்வாத்து வெட்டும்போது அது எந்தப் பக்கமாய்ப் பாயும் என்பது முதல் விரிவாகச் சொன்னார். பெயர்கேட்டதும் சற்று யோசித்து, தம் தந்தையார் ஏதோ ஒரு பெயர் சொல்வார் என்றார். அது அவருக்கு நினைவு வரவில்லை. இன்னும் நினைவுள்ளோர் நம் மலைகளில் இருப்பர். பழைய மாணவர்கள் தங்கள் தங்கள் தோட்டத்துப் பெரியவர்களிடம் ஓணான், தவளை, பாம்பு, பறவை ஆகியவற்றுக்கு வழங்கிய பெயர்களைக் கேட்டெழுதி, சொன்னவர் வயதையும் தோட்டத்தின் பெயரையும் குறித்துக் கல்லூரித் தமிழ் மன்றத்துக்கு அனுப்பி உதவுவார்களாக. எழுத்துப்பிழைக்கு அஞ்சவேண்டாம், திருத்துவது என் தொழில்.

அதிபர் அவர்கள் முதற் பயணத்துக்கு இசைவு தந்துவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திருவர் செல்கின்றனர். தெகிவளைக்குப் போகவில்லையா என்று பெற்றோர் சிலர் வந்து கேட்டனர்; இருவர் பிள்ளைகளின் பெயரை நீக்கிக்கொண்டனர்; பின்னர் ஒருவர் மீண்டும் சேர்த்தார். பேருந்து அதிகாலை ஐந்து மணிக்குக் கல்லூரி வாயிலிலிருந்து புறப்படும். குளிருக்குக் கம்பளிச்சட்டையும், காலை உணவுக்கு ரொட்டியும் சம்பலும் அவரவர் கொண்டுவரவேண்டும்.