பூசிட்டா தெரியாதாம்

போன வாரம் எங்க தெருவுல ஒரு வீட்டுல விடிஞ்சதுல இருந்து சம்மட்டிச் சத்தம். மகன் சென்னையில இருந்து பணம் அனுப்பியிருக்கார், அப்பா அம்மாவுக்கு வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் வேணும்னு. நல்ல காரியம். வயசான காலத்துல ராத்திரி கொல்லைக்கு நடக்க முடியுமா? ஆனா நாலு இஞ்ச் பைப் போறதுக்கு, சுவத்தோட அடியில ஒண்ணரை அடிக்கு உடைச்சு வச்சிருந்தாங்க. ஆட்டுக்குட்டி நுழைஞ்சு வெளிய வரலாம். கேட்டதுக்கு, "பூசிட்டா தெரியாதுங்க"ன்னார் வேலை செஞ்சவர்.

இந்த வார்த்தைய நான் முன்னாடியே ஒரு தடவை கேட்டு நம்பினவன். 2015 கோடையில எங்க கொல்லைப்பக்கம் கக்கூஸ் கட்டினப்போ பேஸ்மட்டத்தை இப்படித்தான் உடைச்சாங்க. சுத்தி இருந்த சந்துல உடைஞ்ச கல்லையும் சிமெண்ட் சாக்கையும் திணிச்சுப் பூசிட்டுப் போயிட்டாங்க. பக்கத்துல நின்னு தலையாட்டினது நான்தான். ஆவணியில பெருச்சாளி அந்த வழியா உள்ள போயி தரைக்கடியில இருந்த மணலை வாரி வெளிய தள்ளிச்சு. நவம்பர்ல கடலூர் மாவட்டமே முழுகின அந்த வெள்ளம். வாசப்படியத் தாண்டித் தண்ணி வரல, தரைய உடைச்சுக்கிட்டு கீழ இருந்து வந்துச்சு. நடவு அழுகினா மறுபடி விதைக்கலாம்னு எடுத்து வச்சிருந்த விதைநெல் ரெண்டு மூட்டை ஊறி முளைச்சுப் போச்சு. நடவும் அழுகிச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் பாத்தா, ஓட்டையில இருந்து ஜன்னல் மூலை வரைக்கும் விரல் நுழையற விரிசல்.

ஓட்டையே போடக் கூடாதுன்னு நான் சொல்லல. பழைய கொத்தனாருங்க சாரம் கட்ட சுவத்துல ஒவ்வொரு கல்லா விட்டு ஓட்டை வச்சாங்க. முற்றத்துத் தண்ணி வெளியே போக, கட்டும்போதே தூம்பு வச்சாங்க. சுவரு அசையல. ஏன்னா சின்ன ஓட்டைக்கு மேல இருக்கிற செங்கல்லுங்க ஒண்ணை ஒண்ணு கவ்விக்கிட்டு, பாரத்தை ரெண்டு பக்கமும் இறக்கிவிட்டுடும். அதுக்கு ரெண்டு பக்கமும் சுவரு உறுதியா இருக்கணும். அதனாலதான் வீட்டு மூலையிலயும், ஜன்னல் ஓரத்துலயும், உத்தரம் உக்கார்ற இடத்துக்குக் கீழயும் கை வைக்கக் கூடாது. சம்மட்டி அந்த ரெண்டு பக்கத்தையும் சேத்துக் குலுக்கிடுது. எங்கப்பா காலத்துச் சுவரு கிளிஞ்சல் சுண்ணாம்புல கட்டினது. ஒரு அடிக்கு நாலு கல்லோட பிடிப்பு விட்டுப்போகும். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது, அது நெஜம்தான்.

இதுக்குன்னே கோர் கட்டிங் மிஷின் இருக்கு. விளிம்புல வைரப்பல்லு வச்ச இரும்புக் குழாய், தண்ணி விட்டுக்கிட்டே சுத்தும். இடிக்காது, அறுக்கும். உள்ள இருந்த செங்கல்லு கரும்புத்துண்டு மாதிரி முழுசா வெளிய வரும். சிதம்பரத்துல, கடலூர்ல ஆள் கிடைக்கறாங்க. ஒரு எச்சரிக்கை: புது வீடுகள்ல பேஸ்மட்டத்துக்கு மேல கான்கிரீட் பெல்ட் ஓடும். மிஷின் அந்தக் கம்பியையும் சத்தமில்லாம அறுத்துடும். பெல்ட் எங்க ஓடுதுன்னு பாத்துட்டு, அதை விட்டுத் தள்ளித்தான் துளை போடணும்.

நாலு இஞ்ச் பைப்புக்கு அஞ்சு, ஆறு இஞ்ச் துளை போதும், வெளிப்பக்கம் லேசா சாய்வா. சந்துல சிமெண்டை இறுக்கி அடைக்காதீங்க. எங்க பக்கத்துக் களிமண்ணு மழையில ஊதும், சித்திரையில கை நுழையற அளவுக்கு வெடிக்கும். மண்ணோட வீடும் கொஞ்சம் ஏறி இறங்கும். பைப்பை இறுக்கிப் பிடிச்சிருந்தா துளை வாயிலேயே ஒடிஞ்சு, கக்கூஸ் தண்ணி கடக்காலுக்குள்ள இறங்கும். பெரிய பைப்துண்டு ஒண்ணை உறை மாதிரி முதல்ல சொருகி, அதுக்குள்ள இதை விட்டு, இடைவெளிய ரப்பர் மாதிரி இளகி நிக்கிற பூச்சால அடைச்சு, எலி கடிக்காம கம்பிவலை வைக்கணும்.

செலவு கூடன்னு சொல்றாங்க. தூய்மை இந்தியா திட்டத்துல 2014ல இருந்து வீட்டுக் கக்கூஸுக்கு 12,000 ரூபா குடுத்தாங்க. அந்தப் பணத்துல கட்டினவன் மிஷினுக்கு எங்க போவான், அவனை நான் கேக்க மாட்டேன். ஏசிக்கு ஒண்ணு, சிம்னிக்கு ஒண்ணு, தண்ணி சுத்திகரிக்கற பெட்டிக்கு ஒண்ணுன்னு சென்னையில உக்காந்துக்கிட்டு போன்ல "எங்க வேணா போடுங்கண்ணா"ங்கறீங்களே, உங்களைத்தான் கேக்கறேன். டைல்ஸ் கலருக்கு பத்து போட்டோ கேக்கறீங்க. தாத்தா கட்டின சுவத்துல எங்க உடைக்கறாங்கன்னு ஒரு போட்டோ கேட்டீங்களா?

நேத்து அந்த வீட்டுத் தம்பிக்கு ஓட்டைய போட்டோ எடுத்து அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்ல. அப்புறம் கூப்பிட்டு, "என்னண்ணா இது, குகை மாதிரி இருக்கு"ன்னுச்சு. திங்கக்கிழமை கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன். ஆடற கல்லையெல்லாம் எடுத்துட்டு, மேல ஒரு கான்கிரீட் பலகை குடுத்து, உறை வச்சுக் கட்டணும். அதுவரைக்கும் முட்டு குடுத்து நிறுத்தியிருக்கு.